நெடுந்தீவுக்குச் செல்வோர்க்கு

இங்கிலாந்தின் லிண்டிஸ்பார்ண் தீவுக்குச் செல்வோர், கடல் வற்றும் நேரத்தை அட்டவணையிற் பார்த்தே புறப்படுவர். கடல் ஏறினால் வழியே மறைந்துவிடும். நமது நெடுந்தீவுக்கோ காற்றைப் பார்த்தல் வேண்டும். சோளகம் வலுக்கும் வைகாசி முதல் ஆவணி வரை கடல் கொந்தளிக்கும், பங்குனியே உகந்தது.

முள்ளியவளையிலிருந்து விடியுமுன் புறப்பட்டாற்றான் புங்குடுதீவின் குறிகாட்டுவான் துறையிற் காலைப் படகைப் பிடிக்கலாம். கடலில் ஒரு மணி நேரம். இறங்கியதும் கேட்க வேண்டியது, திரும்பும் கடைசிப் படகின் நேரம். ஒல்லாந்தர் கோட்டையின் பவளக்கற் சுவர்களையும் பெருக்குமரத்தையும் காட்டும் ஆர்வத்தில் யான் அதனை மறந்தேன். 15 மாணவருடன் துறைக்கு வந்தபோது படகு போய்விட்டது. அன்றிரவு எங்களை ஏற்ற வீட்டார், நன்னீர் அரிதான அத்தீவில், மறுநாளைக்கென வைத்திருந்த குடத்தையும் சாய்த்துத் தந்தனர். இப்பொழுது என்னுடன் வரும் ஒவ்வொரு மாணவனும் இரண்டு போத்தல் தண்ணீர் சுமந்தே வருகிறான்.