ஜும்ஆ வேளையில் வாணிபம் செய்வது யார்?

வெள்ளிக்கிழமை நண்பகல். பள்ளிவாசலில் பாங்கொலி எழுகிறது. கடைத்தெருவில் நம்மவர் கடைகளின் கதவுகள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. தராசு ஓய்கிறது, கல்லாப்பெட்டி பூட்டப்படுகிறது. ஜும்ஆவுக்கு அழைப்பு வந்ததும் கொடுக்கல் வாங்கலை விடுத்து இறைவனை நினைவுகூர விரைய வேண்டும் என்பது, திருமறையின் 62ஆம் அத்தியாயம் நமக்கு இட்டிருக்கும் கட்டளை. தலைமுறை தலைமுறையாக நம் சமுதாயம் பேணிவரும் ஒழுங்கு இது.

ஆனால் அன்பர்களே, கதவே இல்லாத கடையொன்றை நம் பிள்ளைகளில் சிலர் இன்று நடத்தி வருகின்றனர். இளைஞன் ஒளுச் செய்து, தொப்பி அணிந்து, பள்ளியின் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறான். வீட்டில் அவனுடைய கணினியோ பிட்காயினை வாங்கிக்கொண்டும் விற்றுக்கொண்டும் இருக்கிறது. கிரிப்டோ நாணயச் சந்தைக்கு இரவு இல்லை; விடுமுறை இல்லை; வாரத்தின் ஏழு நாட்களும் அது திறந்தே கிடக்கிறது. இமாம் மிம்பரில் ஏறிக் குத்பா ஓதும்போதும் அந்த வாணிபம் நடக்கிறது. "நான் பள்ளியில் அல்லவா இருந்தேன்! வாங்கியதும் விற்றதும் நான் எழுதிவைத்த நிரல்தானே?" என்று அவன் கூறினால், அச்சொல் ஏற்கத்தக்கதா? இன்று நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி இதுவே.

முதலில் இந்த ஏற்பாடு எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்துகொள்வோம். கிரிப்டோ நாணயங்கள் கைமாறும் சந்தைக்கு எக்ஸ்சேஞ்ச் என்று பெயர். மனிதர்கள் திரையைப் பார்த்து வாங்குவதற்கு ஒரு வாசலும், கணினி நிரல்கள் நேரடியாக ஆணையிடுவதற்கு மற்றொரு வாசலும் அங்கே உண்டு. இந்த இரண்டாம் வாசலை ஏபிஐ என்பர். ஒவ்வோர் எக்ஸ்சேஞ்சின் ஏபிஐயும் தனித்தனி மொழி பேசும். அத்தனை மொழிகளையும் நிரலாளர் கற்க வேண்டியதில்லாதபடி, ஆயத்தமாக எழுதித் தரப்பட்ட நிரல் தொகுப்புகள் இருக்கின்றன. அவற்றை லைப்ரரி என்று அழைக்கின்றனர். அவற்றுள் பெயர் பெற்றது சிசிஎக்ஸ்டி என்பது. நூறுக்கும் மேற்பட்ட எக்ஸ்சேஞ்சுகளோடு அது பேசும். பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் முதலிய நிரல் மொழிகளில் அதனைப் பயன்படுத்தலாம். விலை கேட்க ஒரு கட்டளை, இருப்பை அறிய ஒரு கட்டளை, வாங்க ஒரு கட்டளை, விற்க ஒரு கட்டளை, இவ்வளவே. அந்நாளில் கடல் கடந்து வந்த வணிகருக்கும் உள்ளூர் வணிகருக்கும் இடையே நின்று மொழிபெயர்த்த துபாஷியைப் போன்றது இந்த லைப்ரரி.

துபாஷி நம் பெயரால் பேசுவதற்கு அதிகாரம் வேண்டும் அல்லவா? அதற்கென எக்ஸ்சேஞ்ச் நமக்கு இரண்டு சாவிகளைத் தருகிறது. ஒன்று நம்மை அடையாளம் காட்டும் சாவி. மற்றது இரகசியச் சாவி. இரகசியச் சாவியைக் கொண்டு ஒவ்வோர் ஆணைக்கும் லைப்ரரி ஒரு முத்திரை இடுகிறது. முத்திரை பொருந்தினால் எக்ஸ்சேஞ்ச் அந்த ஆணையை நிறைவேற்றும். ஆணையிட்டவர் விழித்திருந்தாரா, உறங்கினாரா, தொழுகையில் இருந்தாரா என்று அது கேட்பதில்லை.

இனி நம் கேள்விக்கு வருவோம். ஒருவர் தமக்காகச் செயற்பட மற்றொருவரை நியமிப்பதை மார்க்கச் சட்டம் வகாலத் என்கிறது. நிக்காஹ் மஜ்லிஸில் வக்கீல் அமர்வதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். வக்கீலாக இருப்பவருக்குப் பகுத்தறிவு வேண்டும் என்பது ஃபிக்ஹு கலையின் நிபந்தனை. அவர் கேட்டறிவார், ஐயம் எழுந்தால் நிறுத்துவார், எல்லை மீறினால் அவர்மீது குற்றம் சாரும். நிரலுக்குப் பகுத்தறிவு உண்டா? வெட்கம் உண்டா? மறுமையின் அச்சம் உண்டா? இல்லை. ஆகவே அது வக்கீலன்று. தையற்காரரின் கையிலுள்ள கத்தரிக்கோலைப் போன்ற ஒரு கருவி. துணியைத் தவறாக வெட்டியவர் கத்தரிக்கோலின்மீது பழி போட முடியுமா? சிசிஎக்ஸ்டி லைப்ரரியை உருவாக்கியவர்களும் எவ்வித உத்தரவாதமும் இன்றியே அதனை இலவசமாக வழங்குகின்றனர். அதன் உரிமப் பத்திரத்திலேயே இது தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. எனவே நிரல் செய்யும் ஒவ்வொரு வாணிபமும் அதை ஏவியவரின் வாணிபமே. ஆதாயத்தை "என்னுடையது" என்று எடுத்துக்கொள்பவர், பொறுப்பை மட்டும் "இயந்திரத்தினுடையது" என்று தள்ளிவிடுவது நீதியாகாது.

இதை ஒப்புக்கொண்டால், நாம் எண்ணிப் பார்க்க வேண்டியவை பல.

முதலாவது, சாவி ஓர் அமானிதம். ஏபிஐ சாவியை உண்டாக்கும்போதே, கணக்கைப் பார்க்க மட்டும் அனுமதியா, வாங்கி விற்கவும் அனுமதியா, பணத்தை வெளியே எடுக்கவும் அனுமதியா என்று எக்ஸ்சேஞ்ச் கேட்கிறது. வெளியே எடுக்கும் அனுமதியை ஒருபோதும் தரலாகாது. குறிப்பிட்ட கணினியிலிருந்து வரும் ஆணைகளை மட்டுமே ஏற்கும்படி கட்டுப்படுத்தவும் வழி உண்டு. அதோடு அச்சம் தீர்ந்துவிட்டதா? இல்லை. 2018 மார்ச் 7 அன்று நடந்ததைக் கேளுங்கள். பைனான்ஸ் என்னும் பெயருடைய எக்ஸ்சேஞ்சைப் போலவே தோன்றும் போலித் தளத்தின் மூலம் வாடிக்கையாளர்களின் கடவுச்சொற்களைத் திருடியவர்கள், அவர்களுடைய கணக்குகளில் ஏபிஐ சாவிகளை இரகசியமாக உண்டாக்கிக் காத்திருந்தனர். அன்று சில நிமிடங்களுக்குள், பிறருடைய பிட்காயினைக் கொண்டு வயாகாயின் என்னும் சிறு நாணயத்தை வாங்கிக் குவித்து அதன் விலையை ஏற்றினர். தாம் முன்பே சேர்த்து வைத்திருந்ததை அந்த உயர்ந்த விலையில் விற்றனர். ஆதாயத்தை அவர்கள் வெளியே எடுக்கும் முன் எக்ஸ்சேஞ்ச் தடுத்துவிட்டது. எனினும் பாடம் தெளிவானது: பணத்தை வெளியே எடுக்கும் சாவி இல்லாமலேயே, வாங்கி விற்கும் சாவி ஒன்றைக் கொண்டே ஒருவருடைய பொருளைச் சூறையாட முடியும்.

துபாஷியையும் ஆராய்ந்தே அமர்த்த வேண்டும். சிசிஎக்ஸ்டியின் துணைத் தொகுப்பு என்று சொல்லிக்கொண்டு, மெக்ஸ்சி என்னும் எக்ஸ்சேஞ்சின் பெயரையும் சேர்த்துச் சூட்டிக்கொண்டு, பைத்தான் தொகுப்புகளின் பொதுக் களஞ்சியத்தில் ஒரு போலி இடம்பெற்றிருந்தது. வாடிக்கையாளரின் ஆணைகளை எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பாமல் தன்னை உருவாக்கியவர்களின் கணினிக்கு அது அனுப்பியது. 2025 ஏப்ரலில் ஆய்வாளர்கள் இதை அம்பலப்படுத்தினர். அசல் பெயரோடு கூடுதல் சொற்களைச் சேர்த்ததே அதன் பெயர். இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக எதையும் எடுத்து நம் கணினியில் அமர்த்திவிடுவது, முகவரி அறியாதவரிடம் கடைச் சாவியைக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, எதை வாணிபம் செய்கிறோம் என்பது. கிரிப்டோ நாணயம் பற்றி மார்க்க அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. எகிப்தின் தாருல் இஃப்தா 2018இல் பிட்காயின் வாணிபம் கூடாது என்று அறிவித்தது. மலேசியப் பங்குப் பத்திர ஆணையத்தின் ஷரீஅத் ஆலோசனைக் குழு 2020இல், பதிவு பெற்ற சந்தைகளில் டிஜிட்டல் சொத்துகளை வாங்கி விற்பது கொள்கையளவில் ஆகுமானது என்றது. இந்தோனேசிய உலமா கவுன்சில் 2021இல், நாணயமாகப் பயன்படுத்துவது கூடாது, பண்டம் என்ற நிலையிலும் நிபந்தனைகள் நிறைவேறினாலன்றி விற்கலாகாது என்றது. ஆகவே நம்பிக்கைக்குரிய ஆலிம் ஒருவரிடம் கேட்டுத் தெளியாமல் இதில் இறங்குவது முறையன்று.

ஆயினும், அனுமதி உண்டு என்போரின் கருத்தைப் பின்பற்றுபவருக்கும் ஓர் ஆபத்து காத்திருக்கிறது. கையிலுள்ள பணத்திற்குப் பொருளை உடனே வாங்கும் சந்தை ஒன்று. பொருளைக் கையடையாமலேயே, இருப்பதைப் போல் பல மடங்கு தொகைக்கு ஒப்பந்தம் செய்யும் ஃபியூச்சர்ஸ் சந்தை வேறொன்று. எக்ஸ்சேஞ்சிடம் வட்டிக்குக் கடன் பெற்று வாங்கும் முறை மற்றொன்று. திரையில் இவை தனித்தனி அறைகளாகத் தெரியும். லைப்ரரியிலோ, அமைப்புக் குறிப்பில் ஒரு சொல்லை மாற்றினால் போதும். அதே நிரல், அதே கட்டளைகளோடு, ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போய்விடும். ஆகுமானதற்கும் ஆகாததற்கும் இடையே இருந்த சுவர் ஒரு சொல்லளவுக்கு மெலிந்துவிட்டது! எழுதும் விரலுக்கு இங்கே எத்துணை எச்சரிக்கை வேண்டும்!

இன்னொன்றும் உண்டு. வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிவிடுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். நஜ்ஷ் என்று ஹதீஸ் நூல்கள் குறிப்பிடும் அந்தக் குற்றத்திற்குச் சந்தையில் ஆள் வைத்துக் குரல் கொடுக்க வேண்டியிருந்தது. இன்று ஒரு நிரல் தனக்குத் தானே விற்று, தானே வாங்கி, சந்தை சுறுசுறுப்பாக இருப்பதாகப் பிறரை ஏமாற்ற இயலும். நிறைவேற்றும் எண்ணமில்லாத பெரிய ஆணைகளை இட்டு, நொடிப்பொழுதில் விலக்கிக்கொள்ளவும் இயலும். சாமர்த்தியம் என்று இதனைச் சிலர் மெச்சலாம். வஞ்சனை வஞ்சனையே, குரல் மாறியதால் குற்றம் மாறாது.

மூன்றாவது, நாம் இல்லாத நேரத்தில் நிகழும் பிழை. ஓர் ஆணையை அனுப்புகிறோம்; இணைப்பு அறுந்து பதில் வரவில்லை. ஆணை நிறைவேறியதா, இல்லையா? அறியாமல் நிரல் மீண்டும் அனுப்பினால், ஒன்றுக்கு இரண்டாக வாங்கிவிடும். எனவே ஒவ்வோர் ஆணைக்கும் நாமே ஓர் எண் இட்டு, முந்தியது என்னவாயிற்று என்று அந்த எண்ணைச் சொல்லி விசாரித்த பிறகே மறுபடி அனுப்ப வேண்டும். நடந்த யாவற்றையும் நாள், நேரத்தோடு பதிவு செய்து வைக்கவும் வேண்டும். திருமறையின் மிக நீண்ட வசனம் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதை நாம் மறக்கலாமா? எழுதி வைத்த கணக்கு அரசுக்கும் வேண்டும். இந்தியாவில் இவ்வகைச் சொத்துகளின் ஆதாயத்திற்கு 30 சதவிகித வரி 2022 ஏப்ரல் 1 முதலும், விற்பனைத் தொகையில் 1 சதவிகிதப் பிடித்தம் அதே ஆண்டு ஜூலை 1 முதலும் விதிக்கப்பட்டன. நாளொன்றுக்குப் பலமுறை விற்கும் நிரல், ஒவ்வொரு விற்பனைக்கும் அப்பிடித்தத்தைத் தன் எசமானர்மீது ஏற்றுகிறது.

பெரிய நிறுவனத்திற்கே நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்கப் பங்குச் சந்தையில் நைட் கேப்பிட்டல் என்னும் நிறுவனத்தின் நிரல் பிழைபட்டது. எட்டுக் கணினிகளில் ஒன்றில் மட்டும் புதிய நிரலை ஏற்ற மறந்துவிட்டனர். அதில் உறங்கிக் கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு ஆணைகளைக் கொட்டியது. ஏறத்தாழ 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கு மேல் நட்டம்! நாற்பத்தைந்து நிமிடம் என்பது எவ்வளவு நேரம்? ஜும்ஆவுக்குப் பள்ளிக்குச் சென்று, குத்பா கேட்டு, தொழுது திரும்பும் நேரமே அது. அத்தனை நிபுணர்கள் கூடியிருந்த இடத்திலேயே இவ்வாறு நேர்ந்ததெனில், ஆளில்லாத அறையில் ஓடும் நிரலைப் பற்றி என்ன சொல்வது?

அன்புச் சகோதரர்களே! ஜும்ஆவின் எந்தப் பாங்கிலிருந்து வாணிபம் விலக்கப்படுகிறது என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. "உடலும் உள்ளமும் தொழுகையில் இருக்க, கருவி தானே இயங்கினால் என்ன குறை?" என்று வாதிடுவோரும் இருக்கலாம். தீர்ப்பு வழங்க வேண்டியவர்கள் ஆலிம்களே. நான் கேட்பது ஒன்றுதான். குத்பா நடக்கும்போது சட்டைப் பையிலுள்ள கைபேசி ஒருமுறை அதிர்ந்தால், அந்த இளைஞனின் உள்ளம் மிம்பரின் பக்கம் இருக்குமா, பிட்காயினின் பக்கம் போகுமா? வெள்ளி நண்பகலில் நிலுவை ஆணைகளை விலக்கிக்கொண்டு ஓய்ந்திருக்க நிரலுக்குச் சொல்லிக்கொடுக்கச் சில வரிகள் போதும். ஆயிரம் வரி எழுதத் தெரிந்த கைக்கு இது பாரமா?

பெற்றோர்களே! பிள்ளைகளின் கல்வித் திறனைக் கண்டு அஞ்ச வேண்டாம்; அருகில் அமர்ந்து கேளுங்கள். "சாவியை எங்கே வைத்திருக்கிறாய்? என்னென்ன அனுமதி கொடுத்திருக்கிறாய்? கடன் வாங்கி விற்கிறதா? நட்டம் எவ்வளவு வந்தால் தானே நிற்கும்? சோதனைக் களத்தில் ஓட்டிப் பார்த்தாயா?" இக்கேள்விகளுக்கு நிரலாக்கம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, வாணிபத்தின் ஒழுக்கம் தெரிந்திருந்தால் போதும். பதில் சொல்ல இயலாத பிள்ளை, அந்த நிரலை ஓடவிடத் தகுதி பெறவில்லை என்பதை உணர்ந்துகொள்வான்.

தன் பொருளை எவ்வழியில் ஈட்டினான், எவ்வழியில் செலவிட்டான் என்று ஒவ்வொரு மனிதனும் விசாரிக்கப்படும் நாள் ஒன்று உண்டு. அன்று கணினி சாட்சி சொல்ல வரலாம்; பொறுப்பேற்க வராது.

நம் கைகள் செய்வதையும், நாம் ஏவியவை செய்வதையும் தூய்மையாக்கும் நல்லுணர்வை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.