பதினொரு மாத வாடகைக்கு கிரானைட் தரையா?

2025 ஆகஸ்டில் பெங்களூருவின் மஞ்சள் தட மெட்ரோ பொம்மசந்திரா வரை ஓடத் தொடங்கியது. அந்தத் தடத்திலுள்ள ஹெப்பகோடியில் ஒரு பழைய ஷட்டரைப் பிடித்து, நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து கடை போடலாமே என்று யாருக்கும் தோன்றும். தோன்றட்டும். எனக்கு உறுத்துவது கிரானைட்தான். பத்திரப்பதிவைத் தவிர்க்கப் பதினொரு மாத ஒப்பந்தம் போட்டுவிட்டு, தரைக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் லட்சங்களைக் கொட்டுகிறார்கள். 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, குத்தகைதாரர் பொருத்தியதைக் கழற்றிக்கொண்டு போக விடுகிறது. ஆனால் இடத்தைக் கைக்கு வந்த நிலையிலேயே விட்டுப்போக வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அந்த உரிமையும் போச்சு. அலமாரியைக் கழற்றலாம், ஒட்டிய தரையை? பணத்தை முதலில் வயரிங்கில் போடுங்கள். (ஒழுகும் கூரை உரிமையாளர் பொறுப்பு என்று எழுதி வாங்கிவிடுங்கள்.) நண்பர்களுக்குள் எதற்கு எழுத்து என்பார்கள். பதிவு செய்யாத கூட்டு நிறுவனத்தில், பங்குதாரர் மீது வழக்குப் போட 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டம் பெரும்பாலும் இடம் தருவதில்லை. கலைத்துக் கணக்குத் தீர்க்கலாம், அவ்வளவுதான். யார் எவ்வளவு போட்டது, யார் கல்லாவில் உட்காருவது, விலகினால் என்ன கிடைக்கும் என்பதையெல்லாம் பெயிண்ட் வாங்கும் முன்பே எழுதிக் கையெழுத்துப் போட்டு, நிறுவனத்தையும் பதிவு செய்துவிடுங்கள். ஷட்டருக்கு என்ன நிறம் என்று அப்புறம் நிதானமாகச் சண்டை போடலாம்.