வருமானச் சான்றிதழும் பதுவா நகரமும்



இந்த ஆண்டு நம் சபையிலிருந்து இரண்டு பிள்ளைகள் மேற்படிப்புக்காக இத்தாலி நாட்டின் பதுவா நகரத்துக்குப் புறப்பட ஆயத்தமாகிறார்கள். அவர்களுடைய விசாவுக்காக ஞாயிறுதோறும் ஆராதனையில் ஜெபிக்கிறோம். அது நல்லது. ஆனால் விசாவைப் போலவே முக்கியமான இன்னொரு காகிதம் இருக்கிறது. அதற்காக ஒருவரும் ஜெபக்குறிப்பு எழுதித் தருவதில்லை. குடும்ப வருமானச் சான்றிதழைத்தான் சொல்லுகிறேன்.

சென்ற மாதம் ஒரு தகப்பனார் கோப்பு ஒன்றுடன் என்னைத் தேடி வந்தார். (அவர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர், ஆகவே யாரென்று தேட வேண்டாம்.) மகனுக்கு இத்தாலியில் இடம் கிடைத்திருக்கிறது. உதவித்தொகைக்காகக் காட்டியிருந்த வருமானமோ, அவர் உண்மையில் ஈட்டுவதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. "எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள், ஐயா. அங்கே யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?" என்றார். பயணத்துக்காக ஜெபிக்கும்படி கேட்டார். ஜெபித்தேன். ஆனால் வாய் ஜெபித்ததே தவிர மனம் அந்தக் கோப்பிலேயே நின்றது.

இத்தாலியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் எல்லாருக்கும் ஒன்றல்ல. குடும்பத்தின் வருமானம், வீடு, நிலம், வங்கி இருப்பு ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டு, இல்லாதவனிடம் குறைவாகவும் இருக்கிறவனிடம் அதிகமாகவும் வாங்குகிறார்கள். மிகவும் எளிய குடும்பத்துப் பிள்ளைக்குக் கட்டணத்தை நீக்கி, உதவித்தொகையும் விடுதியில் இடமும் தருகிறார்கள். அயல்நாட்டு மாணவனுக்கும் இதே ஒழுங்குதான். நம் ஊர் அலுவலகத்தில் வாங்கிய சான்றிதழுக்கு அப்போஸ்டில் முத்திரை பெற்று, இத்தாலிய மொழியில் பெயர்த்துக் கொடுத்தால் அதை நம்பி ஏற்றுக்கொள்ளுகிறார்கள். ஏழையைக் கல்விக்கு உள்ளே சேர்க்க ஒரு நாடு இப்படிக் கதவு திறந்து வைத்திருப்பதைக் கேட்டபோது, நம் நாட்டுக் கல்லூரி வாசல்களை எண்ணி எனக்குப் பெருமூச்சு வந்தது.

அந்த உதவித்தொகை தரவரிசைப் பட்டியலின்படி வழங்கப்படுகிறது. தகுதி இருந்தும் நிதி போதாமையால் பணம் கிடைக்காத மாணவர்கள் அந்நாட்டில் உண்டு. அவர்களைக் குறிக்க ஒரு தனிப் பெயரே அங்கே வழங்குகிறது. ஆகையால் வருமானத்தைக் குறைத்துக் காட்டுகிறவன் இத்தாலிய அரசாங்கத்தை மட்டும் ஏமாற்றவில்லை. பட்டியலில் தனக்குக் கீழே நிற்கும் ஒரு பிள்ளையின் தட்டிலிருந்து எடுக்கிறான். அந்தப் பிள்ளை கானாவிலிருந்து வந்தவளாக இருக்கலாம். நம் மாவட்டத்து விதவைத் தாயின் மகனாகவும் இருக்கலாம். "யாருக்கு நஷ்டம்?" என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான்.

பதுவா என்ற பெயர் புனித அந்தோணியாரால் நமக்குப் பழக்கமானது. இறையியல் மாணவருக்கு அது வேறொரு விதத்திலும் தெரிந்த ஊர். 1222இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. கலிலேயோ 1592 முதல் 1610 வரை அங்கே கற்பித்தார். பிற்காலத்தில் சீர்திருத்த இயக்கத்தின் பெரிய வேத அறிஞராய் விளங்கிய பீட்டர் மார்ட்டர் வெர்மிலி, இளம் துறவியாய் அங்கேதான் பயின்றார்.

நான் சொல்ல விரும்புவது அந்தப் பெரியவர்களைப் பற்றி அல்ல, ஒரு கையொப்பத்தைப் பற்றி. 1564இல் போப் நான்காம் பயஸ், கத்தோலிக்க விசுவாசத்தை அறிக்கையிட்டு உறுதிமொழி எடுக்கிறவர்களுக்கு மட்டுமே பட்டம் தரப்பட வேண்டும் என்று ஆணையிட்டார். பதுவாவிலோ ஜெர்மானிய, ஆங்கிலேயப் புராட்டஸ்டண்ட் மாணவர்கள் திரளாய் இருந்தார்கள், யூதர்களும் இருந்தார்கள். சில நிமிடங்கள் வாயால் சொல்லிவிட்டு, பட்டத்தைச் சுருட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருக்கலாம். அங்கே யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? ஆனாலும் மனச்சாட்சி இடங்கொடாதவர்களுக்காக வேறொரு வழி தேடப்பட்டது. பேரரசரின் அதிகாரம் பெற்ற பிரபுக்கள் அந்த உறுதிமொழி இல்லாமலே பட்டம் வழங்கினார்கள். இரத்த ஓட்டத்தை உலகுக்கு விளக்கிய வில்லியம் ஹார்வி 1602இல் இவ்வழியாகவே மருத்துவப் பட்டம் பெற்றார். 1616இல் வெனிஸ் குடியரசு, உறுதிமொழி கேளாமல் பட்டம் தருவதற்கென்றே ஓர் அமைப்பை ஏற்படுத்தியது. அந்த மாணவர்களின் மாறாட்டமற்ற மனமும் இதற்கு ஒரு காரணம் என்றே நான் எண்ணுகிறேன். வெனிஸ் நகரத்தாருக்கு மாணவர்கள் கொண்டுவரும் பணமும் வேண்டியிருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இதே வட்டாரத்தில் இதற்குச் சற்று முன்னே நடந்த வேறொரு கதை உண்டு. பதுவாவுக்கு வடக்கே மதில் சூழ்ந்த சித்தாதெல்லா என்னும் சிற்றூரில் பிரான்செஸ்கோ ஸ்பியேரா என்ற வழக்கறிஞர் வாழ்ந்தார். சீர்திருத்தப் போதனைகளை ஏற்று அதைப் பிறருக்கும் சொல்லிவந்தவர். விசாரணைக்கு இழுக்கப்பட்டபோது, மனைவி பிள்ளைகளையும் சொத்தையும் எண்ணி, தான் மெய்யென்று நம்பியதை 1548இல் மறுதலித்தார். வெனிஸில் ஒருமுறை, சொந்த ஊரார் முன்னிலையில் மறுமுறை. வீடும் நிலமும் தப்பின. அவருடைய உள்ளமோ உடைந்தது. வைத்தியத்துக்காகப் பதுவாவுக்குக் கொண்டுவந்தார்கள். மருத்துவர்களால் ஒன்றும் செய்யக் கூடவில்லை. பேராசிரியர்களும் மாணவர்களும் அவர் படுக்கையைச் சூழ்ந்து வேத வாக்கியங்களைச் சொல்லித் தேற்றினார்கள். தனக்கு மன்னிப்பே இல்லை என்று சொல்லிக்கொண்டே சில மாதங்களில் மரித்தார். அருகிருந்து பார்த்த ஆயர் வெர்ஜேரியோ அடுத்த ஆண்டே பதவியைத் துறந்து இத்தாலியை விட்டு வெளியேறினார்.

அக்காலத்துப் போதகர்கள் ஸ்பியேராவை ஓர் அச்சுறுத்தலாக மேடைதோறும் பயன்படுத்தினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மூன்றுமுறை மறுதலித்த பேதுருவுக்கும் கடற்கரையில் காலை உணவு காத்திருந்தது. ஸ்பியேரா இழந்தது தேவனுடைய இரக்கத்தை அல்ல, அதைக் கேட்கும் தைரியத்தை. ஆயினும் குடும்பத்தின் நன்மைக்காக என்று சொல்லி இடப்படும் ஒரு கையொப்பம் குடும்பத்துக்கே எவ்வளவு பாரமாகலாம் என்பதை அவரிடத்தில் காண்கிறேன். ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளையின் கல்விப் பயணத்தை, தகப்பனும் தாயும் சேர்ந்து சொன்ன பொய்யில் தொடங்கிவைக்கிறோம். அப்போஸ்தலர் 5ஆம் அதிகாரத்தில் அனனியாவும் சப்பீராளும் செய்தது இதுவே. நிலம் அவர்களுடையது, அதன் கிரயமும் அவர்களுடையது, முழுவதையும் கொடுக்கும்படி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. தொகையைக் குறைத்துச் சொன்னார்கள். கணவனும் மனைவியும் பேசி ஒத்துக்கொண்டு சொன்னார்கள்.

பொய்யான கணக்கு வெளிப்பட்டால் உதவித்தொகையைத் திரும்பக் கட்ட வேண்டும், தண்டனையும் உண்டு. அதை எடுத்துக்காட்டி உங்களைப் பயமுறுத்த நான் விரும்பவில்லை. அகப்படாதவர்களே அதிகம் என்று நீங்கள் சொல்லிவிடுவீர்கள். உண்மைத் தொகையை எழுதினால் என்ன ஆகும் என்று மட்டும் பாருங்கள். நம்மில் பலருடைய உண்மை வருமானமே ஐரோப்பியக் கணக்கில் சிறியது. கட்டணம் அதற்கேற்பக் குறைந்தே வரும். மதிப்பெண்ணை மட்டும் பார்த்துத் தரும் உதவித்தொகைகளும் உண்டு. மாணவர்கள் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை செய்யச் சட்டம் இடமளிக்கிறது. இவை எல்லாம் சேர்ந்தும் பற்றாக்குறை வரலாம். வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பதுவாவில் வாடகைக்கு அறை கிடைப்பதே பெரிய பாடு என்று அங்கிருந்து நம் பிள்ளைகள் எழுதுகிறார்கள்.

ஒன்றை அறிக்கையிட வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்பு, நான் பணியாற்றிய வேறொரு சேகரத்தில், ஒரு குடும்பம் மிகுந்த வறுமையில் இருப்பதாகச் சபையின் கடிதத்தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். அவர்கள் வீட்டு வாசலில் நின்ற கார் எனக்குத் தெரியாததல்ல. காணிக்கையில் குறைவு வைக்காத குடும்பம் என்பதால் கேள்வி கேட்கத் துணியவில்லை. அந்த உதவித்தொகைக்கு அதே ஆண்டில் விண்ணப்பித்துப் பெறாமல்போன ஒரு பெண் எங்கள் ஞாயிறு பள்ளியில் ஆசிரியையாக இருந்தாள். அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இப்போதும் அவள் கேட்காதிருந்ததே எனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறது.

ஆகவே இனி வருமானம் குறித்து எந்தச் சான்றும் என்னிடம் கேட்டு வராதிருங்கள். அதற்குப் பதிலாக, அறுப்பின் பண்டிகைக் காணிக்கையில் ஒரு பங்கை, வெளியூரிலும் வெளிநாட்டிலும் படிக்கப் போகிறவர்களுக்கு வட்டியில்லாக் கடனாக ஒதுக்க வேண்டும் என்று வரும் ஞாயிறு மாலை சேகரக் கமிட்டியில் கேட்கப் போகிறேன். ஆலயச் சுற்றுச்சுவர் வேலை ஓராண்டு தள்ளிப்போகும். எதிர்ப்பு வரும் என்று தெரியும். வருகிறவர்கள் கமிட்டியிலேயே வந்து பேசுங்கள், ஆலய வாசலில் வேண்டாம்.

அந்தத் தகப்பனார் நேற்றுத் தொலைபேசியில் அழைத்தார். சான்றிதழைத் திரும்பக் கொடுத்துப் புதிதாக வாங்க எத்தனை நாள் ஆகும் என்று விசாரித்தார். எனக்குத் தெரியவில்லை என்றேன். திங்கட்கிழமை அலுவலகத்துக்கு அவரோடு நானும் போகிறேன்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் போதகர்