வெயிலோடு வீம்பு

1982 பிப்ரவரியில் ஹவாய் அயர்ன்மேன் பந்தயத்தில், முன்னணியில் வந்த ஜூலி மாஸ் என்ற பெண் முடிவுக்கோட்டருகே சுருண்டு விழுந்து, தவழ்ந்தே போய் எல்லையைத் தொட்டாள். நானும் உருகினேன். ஆனால், "நெஞ்சுரம் இருந்தால் வெயில் என்ன செய்யும்?" என்று அதைக் காட்டிப் பேசுகிறார்களே, அவர்களோடுதான் எனக்கு வழக்கு.

3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, எரிமலைக் குழம்பு உறைந்த கரிய வெளியில் 42 கிலோமீட்டர் ஓடுகிறவனுக்கு உடம்புக்குள்ளேயே அடுப்பு எரிகிறது. வியர்வை உலர்ந்தால்தான் குளிர்ச்சி. ஈரக்காற்றில் அது சொட்டி வீணாகிறது. நெஞ்சுரமா அதை உலர்த்தும்? "குடம் குடமாய்த் தண்ணீர் குடி" என்கிறார் இன்னொரு மேதாவி. அளவு மீறினால் இரத்தத்தில் உப்பு நீர்த்து, மூளை வீங்கிச் சாவும் வரும், ஐயா! தொப்பிக்குள் பனிக்கட்டி வைப்பதும், இரண்டு வாரம் முன்பே வெயிலுக்குப் பழகுவதும், வேகத்தைக் குறைப்பதும் கோழைத்தனமாம். சொல்கிறவர்கள் நிழலில் நிற்கிறார்கள்.