பள்ளம் பொய், படபடப்பு மெய்!

வாய்க்காலின் குறுக்கே கிடக்கும் தென்னை மரத்தில் நடந்திருக்கிறீர்களா?

தஞ்சைப் பக்கத்துப் பிள்ளைகள் ஓடியே கடந்து விடுவார்கள். பட்டணத்தில் இருந்து வந்த விருந்தாளிக்கோ கால் நடுங்கும். உள்ளங்கை வேர்க்கும். நெஞ்சு படபடக்கும். கீழே தண்ணீர் ஓடுகிறது அல்லவா?

சரி. தண்ணீரும் இல்லை, பள்ளமும் இல்லை என்றால்?

அப்போதும் படபடக்கும் என்கிறார்கள் விஞ்ஞானிகள். அளந்தும் பார்த்து விட்டார்கள்!

அளந்தது எப்படி?

"வி.ஆர். கண்ணாடி" என்று ஒன்று வந்திருக்கிறது. அதை மாட்டிக் கொண்டால் எதிரே உள்ள வீடு வாசல் மறைந்து விடும். வேறு ஓர் உலகம் தெரியும். நாம் தலையைத் திருப்பினால், அந்த உலகத்தின் அடுத்த பக்கம் தெரியும்.

அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் இதை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். முடிவை 2002-ம் ஆண்டு வெளியிட்டார்கள்.

கண்ணாடி அணிந்தவர் ஓர் அறைக்குள் நுழைகிறார். நடுவே 20 அடிப் பள்ளம்! உண்மையில் அவர் நிற்பது சமதரை. அது அவருக்கும் தெரியும்.

அவர் உடலில் கருவிகளைப் பொருத்தினார்கள். ஒன்று நெஞ்சுத் துடிப்பை எண்ணியது. இன்னொன்று தோலின் வேர்வையைக் கவனித்தது. வேர்த்தால் தோலில் மின்சாரம் எளிதாகப் பாயும். மூன்றாவது கருவி தோலின் சூட்டை அளந்தது. பயந்தால் ரத்தக் குழாய்கள் சுருங்கும். விரல்கள் குளிர்ந்து போகும்.

பள்ளத்தைக் கண்டதும் துடிப்பு ஏறியது. பிறகு, காலடியில் ஒன்றரை அங்குல உயர மரப்பலகை ஒன்றை நிஜமாகவே வைத்தார்கள். பலகையின் விளிம்பு காலில் பட்டதும் துடிப்பு இன்னும் ஏறியது!

"பொய்" என்கிறது மனம். உடல் கேட்பதில்லை.

மெலட்டூர் காட்டும் வழி

உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதை "மெய்ப்பாடு" என்கிறது தொல்காப்பியம். அச்சமும் அதில் ஒன்று. மெய் என்றால் உடல். உண்மை என்றும் பொருள்!

தஞ்சையை அடுத்த மெலட்டூரில், நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி ஆண்டுதோறும் பாகவத மேளா நடக்கிறது. பிரகலாத நாடகத்தில் நரசிம்மராக வருபவர் விரதம் இருந்து முகமூடி அணிகிறார். அவருக்கு ஆவேசம் வந்து விடுகிறது. பக்கத்தில் இருப்பவர்கள் அவரைப் பிடித்துக் கொள்கிறார்கள்.

நடப்பது நாடகம்தான். ஆனால் ஆவேசம் உடலில் ஏறி விடுகிறது. ஆகவேதான் பிடித்துக் கொள்ள ஆள்!

பெற்றோரே, கவனியுங்கள்!

இன்று பொருட்காட்சிகளில் சின்னஞ்சிறு பிள்ளைக்கும் இந்தக் கண்ணாடியை மாட்டி விடுகிறார்கள். பிள்ளை அலறுகிறது. நாம் சுற்றி நின்று சிரிக்கிறோம். செல்போனில் படமும் எடுக்கிறோம். "வெறும் படம்தானே, என்ன ஆகி விடும்?" என்கிறோம்.

இது தவறு. படம் பொய்யாக இருக்கலாம். பிள்ளையின் பயம் பொய் அல்ல.

பிளேஸ்டேஷன் வி.ஆர். கண்ணாடியைச் செய்யும் சோனி நிறுவனமே, 12 வயதுக்கு உட்பட்டவர்கள் அதை அணியக்கூடாது என்று எச்சரிக்கிறது.

கண்ணாடியே கெட்டது என்று நான் சொல்லவில்லை. உயரத்தைக் கண்டு அஞ்சுகிறவர்களின் பயத்தைப் போக்க, மனநல மருத்துவத்தில் இதே கண்ணாடி பயன்படுகிறது. அங்கே பக்கத்தில் ஒருவர் இருந்து கவனிக்கிறார். பயத்தை அளவறிந்து, சிறிது சிறிதாகத்தான் கூட்டுகிறார். மருந்துக்கு அளவு உண்டு. வேடிக்கைக்கும் அளவு வேண்டும்.

"எங்களிடம் கருவி இல்லையே?" என்கிறீர்களா? உங்கள் கை போதும்.

பிள்ளையின் கையைப் பிடித்துக் கொள்ளுங்கள். உள்ளங்கை வேர்த்து விட்டதா? விரல் சில்லிட்டதா? நாடி வேகமாக அடிக்கிறதா? குமட்டுகிறது என்கிறதா? உடனே கண்ணாடியைக் கழற்றுங்கள். கொடுத்த காசு போனால் போகட்டும்.

நரசிம்மரையே பிடித்துக் கொள்ள ஆள் இருக்கிறது. நம் பிள்ளையின் கையை நாம் விடலாமா?