திரைப்படமும் தீர்ந்த மோகமும்

“சேர், நீங்கள் படமே பார்க்கிறதில்லையோ?” என்று சென்ற கிழமை மாணாக்கன் ஒருவன் என்னிடம் கேட்டான். முல்லைத்தீவு மாவட்டத்திற் பாடசாலையொன்றில் தமிழ் கற்பிக்கும் பண்டிதனுக்குச் சினிமா ஆகாது என்பது அவனது முடிபு. அவன்மீது பிழையில்லை. பண்டிதர் என்றாற் படத்தைப் பழிப்பவர் என்றொரு கருத்து நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. யான் அவ்வினத்தைச் சேர்ந்தவனல்லேன். முப்பது ஆண்டுகள் திரைப்படத்தின்மேல் தீராக் காதல் கொண்டிருந்தவன். அக்காதல் எவ்வாறு தேய்ந்தது என்பதைப் பாடவேளை முடிவதற்குள் அவனுக்குச் சொல்ல முடியவில்லை. ஆதலால் இவ்வாரத் தலையங்கத்தில் எழுதுகின்றேன்.

சிறு பிராயத்தில் என்னைத் தமிழின்பால் ஈர்த்தது இலக்கணமன்று, இலக்கியமுமன்று. கலியாண வீட்டுப் பனையிலும் கோயில் வீதி வேம்பிலும் கட்டிய ஒலிபெருக்கியே. 1952இல் வெளிவந்த ‘பராசக்தி’யும் 1959இல் வெளிவந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படமும் யான் பிறப்பதற்கு முந்தியவை. எனினும் அவற்றின் கதைவசன இசைத்தட்டுக்கள் எழுபதுகளின் ஈற்றிலும் வன்னிக் கிராமங்களில் முழங்கிக்கொண்டிருந்தன. நீதிமன்ற வசனத்தை மாட்டுப்பட்டியில் நின்று மாடுகளுக்குப் பேசிக்காட்டியிருக்கின்றேன். அவை மறுப்புரைத்ததில்லை. பிற்காலத்திற் பண்டிதர் தேர்வுக்குப் படித்தபோது செய்யுளை வாய்விட்டு ஓதக் கூச்சமில்லாதிருந்தது என்றால், நாவைப் பழக்கியவர் சிவாஜி கணேசனே. என் ஆசிரியப் பெருமக்கள் இதனை அறிந்திருப்பின் வருந்தியிருப்பர்.

1990இன் பின் எமது பகுதியில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெயும் பற்றரியும் கிடைத்தற்கரிய பொருள்களாயின. சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. அந்நாளிலும் யாரேனும் ஒருவர் முற்றத்திலே தொலைக்காட்சிப் பெட்டியும் ‘டெக்’கும் வைத்து, சிறு இயந்திரமொன்றை ஓடவிட்டுப் படம் போடுவர். காசில்லாதவர் நெல் கொடுத்துப் பார்த்ததும் உண்டு. பாதிப் படத்தில் எண்ணெய் தீர்ந்துவிடும். மிகுதிக் கதையை அவரவர் தம் மனம்போலக் கட்டிக்கொண்டு இருளில் வீடு திரும்புவோம். எத்தனையோ படங்களின் முடிவை யான் இன்றும் அறியேன். பின்னர்ப் பார்த்து அறிந்தவற்றுட் பல, யாம் கட்டிய முடிவினுந் தாழ்ந்தனவே. விடுதலைப் புலிகளின் நிருவாகத்திலே இந்தியப் படங்களுக்குத் தணிக்கை வேறு இருந்தது. மோகம் அதனாற் குறையவில்லை, மிகுந்தது.

2002இல் ஏ-9 வீதி திறந்தது. அவ்வாண்டே மணிரத்தினத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ வெளிவந்தது. மாங்குளம் என்னும் பெயரைத் திரையிற் கேட்டபோது எனக்கு மெய் சிலிர்த்தது. ஆயின் அங்கே கண்ட நிலம், காடும் குளமும் வயலும் சூழ்ந்த எமது மாங்குளச் சந்தி அன்று. போர் நடந்த பூமியிற் படமெடுத்தல் இயலாதென்பது தெரிந்தமையால் அதனைப் பொருட்படுத்தினேனல்லேன்.

2000இல் வந்த ‘தெனாலி’ எமக்குக் காலந்தாழ்த்தியே கிட்டியது. அதில் ஈழத்தமிழர் பேச்சு நகைப்புக்கு இடமாயிற்று. கமல்ஹாசனின் ஆற்றலால் யானும் வயிறு குலுங்கச் சிரித்தேன். பின்னர் ஒருநாள் வகுப்பிலே மாணவியொருத்தி “ஓம் சேர்” என்றதும் பின்வாங்கிலிருந்த பையன்கள் அப்படத்துத் தொனியில் அதனைத் திரும்பச் சொல்லி நகைத்தனர். அவர்களும் வீட்டில் “ஓம்” என்பவர்களே. எள்ளலைத் தொல்காப்பியர் நகைக்குரிய நிலைக்களன் நான்கனுள் ஒன்றாக வைத்தார். பிறரை எள்ளி நகுதல், பிறர் எள்ளத் தான் நகுதல் என அஃது இருவகைத்து என்பர் உரைகாரர். பிறர் காட்டிக் கொடுக்கத் தம்மைத் தாமே எள்ளுதல் எவ்வகையுள் அடங்குமோ அறியேன். முதற் கசப்பு அன்று வந்தது.

மற்றையது பெரிது. 2009இற் செட்டிகுளத்து மெனிக்பாம் முகாமிற் கூடாரத்தில் இருந்தோம். மறு ஆண்டு, மருமகன் என்னை வவுனியாவுக்குப் படம் பார்க்க அழைத்துச் சென்றான். இருபது ஆண்டுகளின் பின் பெருந்திரை காணப்போகும் ஆவலோடு இருந்தேன். கதாநாயகன் தனியொருவனாய் நின்று சுட்டான். வாகனமொன்று வெடித்துச் சிதறியது. மண்டபம் முழுவதும் விசிலடித்தது. என் கைகள் தாமாகத் தலையைப் பொத்த, உடல் முன்னிருக்கையின் கீழே குனிந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். மருமகனும் வாயில் விரலை வைத்து விசிலடித்துக்கொண்டிருந்தான். பதுங்குகுழியில் என் மடியிற் படுத்திருந்த பிள்ளை அவன். என்னைக் கண்டதும் நிறுத்தினான். இடைவேளையில் இருவரும் தேநீர் குடித்தோம், அதைப்பற்றிப் பேசவில்லை. எஞ்சிய படம் எனக்கு நினைவில்லை.

அவனைக் குறைகூற என் மனம் ஒப்பவில்லை. சிறுவன் அச்சத்தை வெல்ல ஒரு வழி கண்டான் போலும். ஆயின் அன்று தொட்டு ஒன்றை நோக்கி வருகின்றேன். பெருமிதத்துக்குக் கல்வி, கொடை, இசை, தறுகண் என நான்கு நிலைக்களன்கள் உண்டு. இக்காலப் பெருஞ்செலவுப் படங்கள் தறுகண் ஒன்றையே அறியும். அதுவும் மெதுவாக நடந்து வரும். பின்னே தீ எரியும். அழுகைக்கும் நான்கு உண்டு. அவற்றுள் ஒன்று அசைவு. முன்னிருந்த நிலை கெட்டு வேறொரு நிலையினராகி வருந்துதல் என அதற்குப் பொருள் கூறுவர். காணியும் வீடும் மாடும் விட்டுச் சட்டிபானையோடு வீதியில் நடந்த எமக்கு இச்சொல்லின் பொருள் உரையாசிரியர் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பழைய படங்களில் இவ்வழுகை இருந்தது. மிகையாகவே இருந்தது, ஒப்புக்கொள்ளுகின்றேன். இன்று சாகின்ற நூறுபேருக்கு அழுவதற்கு ஒருவரும் இல்லை.

விதிவிலக்குக்கள் இல்லாமலில்லை. 1978இல் செங்கை ஆழியானின் நாவலைத் தழுவி எம் நாட்டிலேயே ‘வாடைக்காற்று’ எடுக்கப்பட்டது. 2015இற் பிரெஞ்சு நாட்டிற் கான் விழாவில் முதற்பரிசு பெற்ற ‘தீபன்’ எம்மவன் ஒருவனை நடுவில் நிறுத்திற்று. அதன் ஈற்றிலும் துப்பாக்கியே வந்தது வேறு கதை. 2025இல் வந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யை மகள் தன் கைபேசியிற் காட்டினாள். இங்கிருந்து தமிழகம் சென்று, பேச்சை மறைத்து வாழும் ஒரு குடும்பத்தின் கதை. சிரிப்பு நிறைந்த படமாயினும் என் கண் கலங்கிற்று. மகள் அதனைக் கண்டு, “அப்பா இன்னும் படப்பைத்தியந்தான்” என்றாள். இருக்கலாம். ஆண்டுக்கொருமுறை கலங்குவதற்காக எஞ்சியவற்றைச் சகிக்கும் பொறுமை மட்டும் என்னிடம் இல்லை.

மாணாக்கனுக்கு மறுமொழியாக ஒன்று செய்தேன். எம் பகுதியில் இன்றும் ஆடப்படும் கோவலன் கூத்துக்கு அவனை வருமாறு அழைத்திருக்கின்றேன். பொருளெல்லாம் இழந்து, சிலம்பொன்றையே முதலாகக் கொண்டு, இருவரும் பிறந்த ஊரைவிட்டு மதுரைக்குப் புறப்படும் இடத்தில், முன்வரிசையிற் பாயிலிருக்கும் மூதாட்டியரின் முகத்தைப் பார் என்றேன். களரியை அப்புறம் பார்க்கலாம் என்றேன். வருவதாகச் சொன்னான். கைபேசியை வீட்டில் வைத்துவிட்டு வருவதாகச் சொல்லவில்லை.