‘பாசிட்டிவ்’ என்றால் பசுவை விற்றுவிட வேண்டுமா?

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் தொழிற்பேட்டைப் பகுதியில் மேய்ச்சல் நிலம் சுருங்கிவிட்டது. வடக்குப்பட்டு போன்ற ஊர்களில் இரண்டு, மூன்று கலப்பினப் பசுக்களைக் கொட்டகையில் கட்டிவைத்துப் பால் ஊற்றும் குடும்பங்கள் பல. கிடேரிக் கன்றை வளர்த்துச் சினைப்படுத்திக் காத்திருப்பதைவிட, கறவையில் உள்ள மாட்டை வெளியூரிலிருந்து வாங்கிவருவது பலருக்குச் சுலபமாக இருக்கிறது. இப்படிக் கைமாறும் மாடுகளோடு சேர்ந்தே வரக்கூடிய நோய்களில் முக்கியமானது, கன்று வீச்சு நோய் எனப்படும் புருசெல்லோசிஸ்.

புருசெல்லா அபார்ட்டஸ் என்ற பாக்டீரியாவால் வரும் நோய் இது. ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு சினை மாடு கன்று வீசும். நஞ்சுக்கொடி விழாமல் தங்கும். மறுசினை பிடிக்கத் தாமதமாகும். மாட்டுக்கு மட்டுமல்ல, கன்று வீசிய மாட்டை வெறுங்கையால் தொட்டவருக்கும், காய்ச்சாத பாலைக் குடித்தவருக்கும் விட்டுவிட்டுக் காய்ச்சல், மூட்டுவலி, இரவு வியர்வை என்று பல வாரம் படுத்தும்.

இந்நோயையும் கோமாரியையும் கட்டுப்படுத்த மத்திய அரசு 2019 செப்டம்பரில் தேசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதன்படி 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு எஸ்-19 தடுப்பூசி வாழ்நாளில் ஒருமுறை போடப்படுகிறது. தடுப்பூசியோடு இரத்தப் பரிசோதனையும் நடக்கிறது. சீட்டில் ‘பாசிட்டிவ்’ என்று வந்துவிட்டால் வீடே கலங்கிப்போகிறது. கிடைத்த விலைக்கு மாட்டைத் தள்ளிவிடலாமா என்ற யோசனை உடனே வருகிறது. அதற்கு முன் அந்தச் சீட்டு உண்மையில் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

எந்தப் பரிசோதனை?

களத்தில் அதிகம் பயன்படுவது ரோஸ் பெங்கால் பரிசோதனை. இளஞ்சிவப்புச் சாயமேற்றிய ஆன்டிஜெனையும் மாட்டின் சீரத்தையும் ஒவ்வொரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் கலக்குவார்கள். நான்கு நிமிடத்துக்குள் திரிதிரியாகத் திரண்டால் பாசிட்டிவ். விரைவானது, செலவு குறைந்தது.

பால் வளையப் பரிசோதனை இன்னொன்று. பாலோடு சாயமேற்றிய ஆன்டிஜெனைக் கலந்து வைத்தால், நோயெதிர்ப்புப் பொருள் இருக்கும் பாலில் மேலே எழும் ஆடை நீல வளையமாகத் தெரியும். சொசைட்டியில் ஒன்றாகச் சேர்ந்த பாலைச் சோதித்து, ‘இந்த ஊரில் எங்கோ நோய் இருக்கிறது’ என்று கண்டுகொள்ள இது உதவும். தனி மாட்டின் மீது தீர்ப்புச் சொல்ல உதவாது. சீம்பால், மடிநோய் கண்ட பால், வற்றும் கட்டத்துப் பால் ஆகியவை நோயில்லாமலே வளையம் காட்டக்கூடும்.

எலிசா பரிசோதனை ஆய்வகத்தில் செய்யப்படுவது. இவை எல்லாமே தேடுவது கிருமியை அல்ல, கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கிய பொருளை. இதை நினைவில் வையுங்கள்.

ஆயிரம் மாட்டுக் கணக்கு

எந்தப் பரிசோதனைக்கும் இரண்டு தகுதிகள் உண்டு. நோயுள்ள மாட்டை எவ்வளவு தவறாமல் பிடிக்கிறது என்பது ஒன்று. நோயில்லாத மாட்டை எவ்வளவு சரியாக விட்டுவிடுகிறது என்பது மற்றொன்று. ஒரு பேச்சுக்கு முதலாவது 90 சதவீதம், இரண்டாவது 98 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

1,000 மாடுகளில் 50-க்கு நோய் இருந்தால், 45 பிடிபடும், 5 தப்பிவிடும். நோயில்லாத 950-ல் 2 சதவீதம், அதாவது 19 மாடுகள் தவறாகப் பாசிட்டிவ் காட்டும். ஆக 64 பாசிட்டிவ் சீட்டுகளில் 19 பொய்.

அதே பரிசோதனையை 10 மாடுகளுக்கு மட்டுமே நோயுள்ள பகுதியில் செய்தால்? 9 பிடிபடும். நோயில்லாத 990-ல் சுமார் 20 மாடுகள் தவறாகச் சிக்கும். மூன்று பாசிட்டிவில் இரண்டு பொய்! பரிசோதனை மாறவில்லை, ஊரில் நோயின் அளவுதான் மாறியது. கன்று வீச்சே இல்லாத கொட்டகையில் வந்த பாசிட்டிவையும், அடுத்தடுத்து கன்று வீசிய கொட்டகையில் வந்த பாசிட்டிவையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது என்பது இதனால்தான்.

தடுப்பூசியும் பாசிட்டிவ் காட்டும்

எஸ்-19 உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட கிருமியால் ஆனது. அது உண்டாக்கும் நோயெதிர்ப்புப் பொருளையும் ரோஸ் பெங்கால் நோயாகவே காட்டும். கன்றுப் பருவத்தில் போட்டால் பெரும்பாலும் சில மாதங்களில் குறைந்துவிடும். சில மாடுகளில் நீடிக்கும். அதனால் 12 இலக்கக் காது வில்லையும், அந்த எண்ணில் பதிவான தடுப்பூசி விவரமும் இல்லாமல் பரிசோதனை முடிவைப் படிப்பது அரைகுறை வேலை.

உறுதிப்படுத்தும் இரண்டாவது பரிசோதனை முதலாவதைப் போன்ற தவறைச் செய்யாததாக இருக்க வேண்டும். தடுப்பூசியால் ரோஸ் பெங்கால் ஏமாந்தால் சாதாரண எலிசாவும் ஏமாறலாம். போட்டி எலிசா என்ற வகை இரண்டையும் ஓரளவு பிரித்துக் காட்டும்.

நெகட்டிவும் உறுதிச் சீட்டு அல்ல

தொற்றிய புதிதில் இரத்தத்தில் எதுவும் தெரியாது. கன்றாக இருந்தபோதே தொற்றிய சில கிடேரிகள் முதல் ஈற்று வரை நெகட்டிவாகவே இருக்கும். கன்று ஈனும் சமயத்திலும் முடிவு தவறலாம். ஆகவே ஈன்ற அல்லது கன்று வீசிய 2, 3 வாரம் கழித்து மறுபடி சோதிப்பது அவசியம்.

என்ன செய்யலாம்?

மாடு வாங்கும்போது காது வில்லை எண்ணையும், முந்தைய ஈற்று விவரத்தையும் கேளுங்கள். வாங்கிய மாட்டை உடனே மற்றவற்றோடு கட்டாமல், பரிசோதித்து முடிவு வரும்வரை தனியே வையுங்கள். சினை மாடாக இருந்தால் ஈன்ற பிறகும் ஒருமுறை சோதியுங்கள்.

மாடு கன்று வீசினால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கன்றையும் நஞ்சுக்கொடியையும் நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். கால்நடை மருத்துவரை அழையுங்கள்; 1962 எண்ணிலும் உதவி கேட்கலாம்.

பாசிட்டிவ் வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: என்ன பரிசோதனை? தடுப்பூசி போட்ட மாடா? உறுதிப்படுத்தும் பரிசோதனை எப்போது? அதுவரை மாட்டைத் தனியே கட்டிப் பாலைக் காய்ச்சியே பயன்படுத்துங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் நீடித்தால், மாடு வளர்ப்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சந்தையில் தள்ளிவிடுவது மட்டும் வேண்டாம். நோய் உண்மையென்றால் அது அடுத்த ஊருக்குப் போகும். பொய்யென்றால் நல்ல கறவையை இழப்பீர்கள். 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்திலும் புருசெல்லோசிஸ் இடம்பெற்றுள்ளது. நோய்த்தொற்றைத் தெரிவிப்பது உரிமையாளரின் கடமை.

அரசுக்கு ஒரு வேண்டுகோள்

ஆஸ்திரேலியா பரிசோதித்து, நோயுள்ள மாடுகளை அகற்றி 1989-ல் இந்நோயிலிருந்து விடுபட்டது. அங்கே அவை பெரும் மந்தைகள். இரண்டு மாடு வைத்திருப்பவருக்கு ஒரு மாடு போனால் பாதி வருமானம் போகிறது. உண்மையைச் சொன்னால் நட்டம் என்றால் அவர் மறைக்கத்தான் செய்வார். எனவே சீட்டில் பரிசோதனையின் பெயரும் தடுப்பூசி விவரமும் இருக்கட்டும். பாசிட்டிவ் வந்தவருக்கு இரண்டாவது பரிசோதனை தாமதமின்றி, இலவசமாகக் கிடைக்கட்டும். உறுதியானால் இழப்பீடும் கிடைக்கட்டும். அப்போதுதான் விவசாயி இரத்தம் எடுக்க மாட்டைத் தயங்காமல் பிடித்துக் கொடுப்பார்.